கடைக்குட்டியைக் கப்பலேற்றிய தகப்பன்

வைகாசி, செவ்வாய்க்கிழமை

பேர்பெற்ற ஓர் ஆங்கில நாவலாசிரியரின் பிள்ளைகளைப் பற்றி இன்று வகுப்பில் சொன்னேன். மகன்மார் பலருக்குத் தகப்பனே தொழிலைத் தீர்மானித்தார். ஒருவனைச் சின்ன வயதிலேயே கடற்படையில் சேர்த்தார். அவன் பின்னாளில் கப்பலிலேயே இறந்தான். கடைக்குட்டியைப் பதினாறு வயதில் ஆஸ்திரேலியாவுக்கு அனுப்பினார். பிரியும்போது தகப்பன் அழுதாராம். பிறகு இருவரும் சந்திக்கவேயில்லை.

இரவுச் சாப்பாட்டின்போது இதை இவருக்கும் சொன்னேன். எங்கள் ஒரே மகன் ஜூட் பக்கத்தில் இருந்தான். அவனை அடுத்த மாதம் கனடாவில் இருக்கும் மாமியிடம், இவரின் அக்காவிடம், அனுப்புவதாக ஏற்பாடு.

"போக விருப்பமோ எண்டு அந்த மனிசன் பெடியனிட்டக் கேட்டவரோ?" என்றார் இவர்.

"தெரியேல்லை."

புட்டைப் பிசைந்தபடியே ஜூட்டைப் பார்த்தார். "நாங்களும் உன்னட்டக் கேக்கேல்லை, என்னடா?"

ஜூட் நிமிரவில்லை. "போகவும் விருப்பம்தான் அப்பா. உங்களை விட்டிட்டு இருக்கவும் ஏலாது."

இவர் தன் மீன்பொரியலை எடுத்து அவன் சாப்பாட்டுக் கோப்பையில் வைத்தார். "அப்ப ஆறுதலா யோசி. மாமியோட நான் கதைக்கிறன்."

பிறகு குசினிக்குள் அடுப்படியில் நின்று, "பெடியன் இன்னும் முடிவெடுக்கேல்லை அக்கா. கொஞ்சம் பொறுங்கோ" என்று தொலைபேசியில் சொல்வது கேட்டது. பயண ஒழுங்கெல்லாம் செய்தவர் மாமிதான். கோபித்திருப்பார். கோபிக்கட்டும்.

ஜூட் இப்போது நல்ல நித்திரை. கால் கட்டிலுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது. எப்போது இவ்வளவு வளர்ந்தான்? போவானா, நிற்பானா, தெரியவில்லை. எதைச் சொன்னாலும் நான் அழத்தான் போகிறேன்.