டிஸ்சார்ஜ் தாளில் இல்லாதது

ஜூன் 9, ஞாயிறு
சாயல்குடிக்குப் போய் வந்தேன். வீட்டில் சொல்லாமல் காளிதாஸைக் கட்டிக்கொண்டு ராமநாதபுரம் வந்தபின் அந்தப் படி ஏறுவது இதுதான் முதல் தடவை. மூன்று வருஷம். அய்யா மூளையில் ரத்தம் கசிந்து, பிழைத்து, வீடு திரும்பி நான்கு மாதம் ஆகிறதாம். எனக்குச் சொன்னதே போன வாரம்தான்.

கட்டிலில் உட்கார்ந்திருந்தார். "அய்யா" என்றேன். பார்த்தார். வாயைத் திறந்தார், மூடினார், முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார்.

"நாங்க எது கேட்டாலும் 'சரி, சரி'ங்காரு. ஒன்கிட்டத்தான் வைராக்கியம்" என்றான் தம்பி வேல்சாமி.

இன்னுமா கோபம்? பெற்ற மகள்தானே நான்.

ஜூன் 10
வேலை ஓடவில்லை.

ஜூன் 13
அமெரிக்க ஆஸ்பத்திரி ஃபைல்கள் இன்று அறுபது. டாக்டர் எழுதியதைப் படித்து, இன்சூரன்ஸுக்காக ஒவ்வொரு நோய்க்கும் கோட் எண் போடுவதுதான் என் வேலை. ஒன்றில், அறுபத்தாறு வயதுக்காரர். ரத்தக்கசிவுக்குப் பின் ஒரே சொல்தான் வருகிறது, எதற்கும் அதையே சொல்கிறார், அதுவும் வராதபோது முகத்தைத் திருப்பிக்கொள்கிறார் என்று டாக்டர் எழுதியிருந்தார். I69.120 அடித்தேன். மூளை ரத்தக்கசிவால் வந்த பேச்சிழப்பு. ஆறு வருஷமாக அடிக்கிற கோட் எண். அடுத்த ஃபைலையும் திறந்துவிட்டேன். பிறகுதான் கை நின்றது.

வேல்சாமிக்குப் போன் போட்டேன். "ஏலே, சரியைத் தவிர அய்யா வேற என்ன பேசுறாரு?"

"அவரு எப்பவும் அதிகமாப் பேச மாட்டாருல்லக்கா."

அய்யாவின் டிஸ்சார்ஜ் தாளைக் கேட்டேன்; படமெடுத்து அனுப்பினான். கை, கால், பிரஷர், மாத்திரை. பேச்சைப் பற்றி ஒரு வரி இல்லை. டாக்டர் எழுதாததற்குக் கோட் எண் போடக் கூடாது என்பது எங்கள் தொழிலின் முதல் பாடம். ஆனால் நான் நேரில் பார்த்தேனே. பார்த்துவிட்டு, கோபம் என்று நானே எழுதிக்கொண்டேன்.

ஜூன் 19
பேச்சுப் பயிற்சி கொடுக்கும் மாஷிதா மேடத்திடம் அய்யாவைக் கூட்டிப் போனோம். மேடம் பேனாவைக் காட்டி, "இது செருப்பா?" என்றார்.

"சரி."

"உங்களுக்கு மூணு கையா?"

"சரி."

அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"சொல்றதுல பாதி இவருக்குப் புரியல. மொத மூணு மாசத்துல வந்திருக்கணும். பாக்கலாம், ரொம்ப எதிர்பாக்காதீங்க" என்றார் மேடம்.

செப்டம்பர் 2
போன வாரம் அய்யா "தண்ணி" என்றாராம். மறுநாள் அதுவும் இல்லை.

செப்டம்பர் 22, ஞாயிறு
சாயல்குடி. அய்யாவுக்குச் சோறு பிசைந்து ஊட்டினேன். முகத்தைத் திருப்பவில்லை. அம்மா கொல்லைப்பக்கம் போனதும் கேட்டுவிட்டேன். "சொல்லாமப் போனது தப்புதான் அய்யா. என்னைய மன்னிச்சிருங்க."

என்னையே பார்த்தார்.

"சரி" என்றார்.

அழுதேன். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இன்னொரு வாய் வாங்குங்க" என்று நீட்டினேன். அதற்கும் சரி என்றார்.