இடக்கைக்கு ஒரு மெல்லிய தோல்

அண்ணை,

போன செவ்வாய்க்கிழமை என் தையல் கடைக்குள் மறுபடியும் அந்த நாற்றம் வந்தது. மன்னியுங்கள், வேறு சொல் கிடைக்கவில்லை. பனியில் நனைந்து, வியர்வையில் ஊறி, பைக்குள் அடைபட்டுப் புளித்த தோலின் நாற்றம். பிளவுஸுக்கு அளவு கொடுக்க வந்திருந்த பெண் மூக்கைப் பொத்திக்கொண்டு, "என்னக்கா, இஞ்சை எலி கிலி செத்துப் போச்சோ?" என்றாள். எனக்குச் சிரிப்பு வந்தது. சிரித்து முடிப்பதற்குள் கண் கலங்கிவிட்டது. நீங்கள் வந்தால்தான் இந்தக் கடை அப்படி மணக்கும். நீங்கள் போய் நான்கு மாதமாகிறது.

வாசலில் நின்றது உங்கள் மகள். உங்களைப் போலவே நெடிய உருவம், நிலையில் தலை இடிக்காமல் குனிந்து வருகிற அதே பழக்கம். நீங்கள் கடைசியாக விளையாடிய கழகத்தின் பனித்தளத்தில் ஒரு கண்ணாடிப் பெட்டி வைக்கிறார்களாம். உங்கள் சட்டையும் கையுறைகளும் அதற்குள் இருக்குமாம். "இடக்கைக் கையுறை கிழிந்திருக்கிறது மதாம், தைக்க முடியுமா?" என்று பிரெஞ்சில் கேட்டாள். சனிக்கிழமை வரச் சொல்லி, அவள் கொண்டுவந்த கையுறைப் பையை வாங்கி வைத்தேன்.

நீங்கள் முதல்முதல் வந்த நாள் ஞாபகம் வருகிறது. ஒரு தோல்பைக்குப் பிடி தைத்துக்கொண்டிருந்தேன். கண்ணாடிக்கு வெளியே நின்று என் மெஷினையே பார்த்தீர்கள். பிறகு உள்ளே வந்து, தலையணை மாதிரி மொத்தமான ஒரு கையுறையை மேசையில் வைத்தீர்கள். ஐஸ் ஹொக்கி என்று ஒன்று உலகத்தில் இருப்பதே எனக்குத் தெரியாது. சறுக்கிக்கொண்டே மட்டையால் ரப்பர் வட்டை அடிப்பார்கள் என்பதை எங்கள் இருவரின் அரைகுறைப் பிரெஞ்சிலும் கைச்சாடையிலும் விளங்கப்படுத்தினீர்கள். கையுறையின் முதுகுப்புறம் பஞ்சு அடைத்துக் கெட்டியாக இருந்தது. உள்ளங்கையில் பெரிய ஓட்டை. "இது மூடியிருக்க வேண்டும், நடுவர் கண்டித்துவிட்டார்" என்றீர்கள்.

ஓட்டையைக் காட்டினால் நான் என்ன செய்வேன்? வரிந்து கட்டிக்கொண்டு மூடினேன். தடித்த மாட்டுத்தோலை இரண்டு மடிப்பாக வைத்து, பத்து வருடத்துக்கு அசையாத மாதிரித் தைத்துக் கொடுத்தேன். எனக்குப் பெருமை தாங்கவில்லை. இரண்டு நாளில் திரும்பி வந்தீர்கள். "வேலை அருமை மதாம். ஆனால் இப்போது என் கைக்குக் கண் தெரியவில்லை."

அப்போதுதான் சொன்னீர்கள், அந்த ஓட்டையை வெட்டியதே நீங்கள்தான் என்று. பழைய முறிவு ஒன்றால் இடக்கையின் கடைசி இரண்டு விரல்களும் மரத்துப் போயிருந்தன. மட்டை வெறும் தோலில் பட்டால்தான் அது கையில் இருப்பதே உங்களுக்குத் தெரியும். கழகத்துக்கு இது தெரிந்தால் ஒப்பந்தம் போய்விடும். ஒப்பந்தம் போனால் இந்த நாட்டில் இருக்க விடுகிற கார்ட் போய்விடும். மகள் அப்போதுதான் இங்கே பள்ளிக்கூடம் தொடங்கியிருந்தாள். பாரிஸில் எங்கள் தமிழ்க் கடைத்தெருவான லா சப்பலில் கடை வைத்திருப்பவளுக்குக் கார்ட் என்ற சொல்லை யாரும் விளங்கப்படுத்தத் தேவையில்லை. எங்கள் கார்ட்டுக்காக நானும் என் கணவரும் ஒன்பது வருடம் வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டு திரிந்தவர்கள். "ஒருத்தருக்கும் சொல்லமாட்டேன்" என்றேன்.

பழைய சாமான் சந்தையில் ஆசைப்பட்டு வாங்கிய ஒரு சோடிப் பெண்கள் கையுறை என்னிடம் இருந்தது. ஆட்டுக்குட்டித் தோல், வெங்காயச் சருகு போல மெல்லிசு. அதில் இடக்கையை எடுத்து வெட்டினேன். வெட்டும்போது மனம் கொஞ்சம் வலித்தது, பொய் சொல்வானேன். அதை உங்கள் உள்ளங்கைக்கு வைத்துத் தைத்தேன். பார்வைக்கு மூடியிருந்தது; உள்ளே கைக்கு எல்லாம் தெரிந்தது. போட்டுக்கொண்டு என் மேசை விளிம்பைத் தடவிப் பார்த்தீர்கள். "இங்கே ஒரு கீறல் இருக்கிறது" என்றீர்கள். இருந்தது.

அதற்குப் பிறகு வரும்போதெல்லாம், நான் தைத்து முடியும் வரை அந்தச் சின்ன முக்காலியில் முழங்கால் நெஞ்சில் முட்ட உட்கார்ந்து உங்கள் கதையைச் சொல்வீர்கள். ஊரல் மலைப் பக்கம் ஓர் ஆலை நகரம். ஆலைக்குப் பின்னால் உறைந்து கிடந்த தண்ணீரில்தான் தொடங்கியது. "எல்லாரும் கோல் அடிக்க முன்னுக்கு ஓடினார்கள். எனக்குப் பின்னோக்கிச் சறுக்க வந்தது. அதனால் பின்னால் நிறுத்திவிட்டார்கள்." மேல் வரிசை லீக்கில் ஒரே ஒரு குளிர்காலம்; அதிலும் ஏழாவது தடுப்பாட்டக்காரர். ஆறு பேர் மாறி மாறி இறங்க, ஏழாவது ஆள் ஓரத்து வாங்கில் குந்தியிருந்து சூடாறிப் போவார். பிறகு கீழ் வரிசை, பிறகு கசக்ஸ்தான், ஸ்லோவாக்கியா, ஆல்ப்ஸ் அடிவாரத்தில் ஒரு பிரெஞ்சு ஊர், கடைசியில் எங்கள் பாரிஸ் புறநகர். ஊர் மாற மாறக் கூட்டமும் குறைந்துகொண்டே போனதாம். இதைச் சொல்லும்போது உங்களிடம் கசப்பு இருந்ததில்லை. பஸ் தரிப்பிடங்களை ஒவ்வொன்றாகச் சொல்கிறவர் போலச் சொல்வீர்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்களுக்கும் டிக்கெட் தந்தீர்கள். நானும் கணவரும் ஒரு போத்தல் தேத்தண்ணியோடு ரயில் ஏறிப் போனோம். அந்தக் குளிருக்குள் காசு கொடுத்து யார் உட்காருவார்கள் என்று முணுமுணுத்துக்கொண்டுதான் உட்கார்ந்தேன். எதிரணிக்காரன் ஒருவன் மட்டையை ஓங்க, நீங்கள் அவன் முன்னால் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தீர்கள். வட்டு உங்கள் விலாவில் பட்ட சத்தம் எங்களுக்கே கேட்டது. "ஐயோ, விழுந்திட்டார்!" என்று எழும்பிக் கத்தினேன். என் கணவர் சட்டையைப் பிடித்து இழுத்து இருத்தினார். "இரடியப்பா, அவர் விழேல்லை. மறிக்கிறார். அவரின்ரை வேலையே அதுதான்."

இரண்டு குளிர்காலம் அப்படிப் போனது. இரண்டாவதின் நடுவில் உங்களுக்குப் பத்து வருடக் கார்ட் கிடைத்தது. ஒரு பெட்டி சொக்லேட்டோடு வந்தீர்கள். நான் மட்டன் ரோல்ஸ் எடுப்பித்தேன். அடுத்த மாதமே உங்கள் இடக்கை முறிந்தது. கோலுக்குள் போகவிருந்த வட்டை விரித்த கையால் தடுத்தீர்கள் என்றும், உள்ளங்கை எலும்புகள் நொறுங்கிப் போயின என்றும், இனி விளையாட முடியாது என்றும் உங்கள் கட்டிடத்தில் இருக்கும் ஒருவர் வந்து சொன்னார். உள்ளங்கையில் இருந்தது என் தோல் அல்லவா? மாட்டுத்தோலைப் பிரித்து வெங்காயச் சருகை வைத்தவள் நான் அல்லவா?

மூன்றாம் நாள், மாக்கட்டுப் போட்ட கையோடு நீங்களே வந்தீர்கள். நான் வாய் திறக்க முதலே முந்திக்கொண்டீர்கள்: "அன்றைக்கு நான் புதுச் சோடி போட்டிருந்தேன், மதாம். உங்களுடையது பைக்குள் நித்திரை. அதற்கு ஒன்றும் தெரியாது." அதைக் கேட்டதும் எனக்கு வந்த நிம்மதியை இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. ஒரு மனிதனின் பிழைப்பு முடிந்து போய் முன்னால் நிற்கிறது. நானோ என் தலைக்கு வரவில்லை என்று மூச்சு விடுகிறேன். பிறகு அதே பனித்தளத்தில் சறுக்குச் சப்பாத்துகளுக்குக் கூர் தீட்டும் வேலைக்குச் சேர்ந்தீர்கள். காற்சட்டை விளிம்பு மடித்துத் தைக்கவும் ஸிப் மாற்றவும் வருவீர்கள். அந்தக் கையுறைப் பேச்சை மட்டும் இருவரும் எடுத்ததில்லை. இந்த வசந்தத்தில் ஒரு நெஞ்சுவலி உங்களைக் கொண்டுபோய்விட்டது.

செவ்வாய்க்கிழமை கடையைச் சாத்த முதல் அந்தப் பையைத் திறந்தேன். முப்பது வருடமாகக் கத்தரி பிடிக்கிறவள் நான். தேய்ந்து கிழிந்தது எது, கத்தரி வெட்டியது எது என்று எனக்குத் தெரியாதா? மணிக்கட்டிலிருந்து உள்ளங்கை நடு வரை ஒரே நேர் வெட்டு. வீங்கிய கையிலிருந்து கையுறையைக் கழற்ற ஆஸ்பத்திரிக்காரர் வெட்டுகிற வெட்டு. வெட்டின இரண்டு பக்கமும் என் ஆட்டுக்குட்டித் தோல், என் தையல், காய்ந்து கறுத்த இரத்தம். அன்றைக்குப் பைக்குள் நித்திரை கொண்ட கையுறை அல்ல இது.

சனிக்கிழமை மகள் வந்தபோது எல்லாவற்றையும் அவளிடம் சொன்னேன். மறைக்கலாமா என்று நான்கு நாள் யோசித்தது உண்மை. வெட்டைத் தைத்து, இரத்தத்தைத் துடைத்துக் கொடுத்திருந்தால் கண்ணாடிக்குள் யாருக்கும் எதுவும் தெரியாது. ஆனால் வாய் தானாகத் திறந்துகொண்டது. அவள் உங்கள் முக்காலியில், உங்களைப் போலவே முழங்கால் முட்ட உட்கார்ந்து கேட்டாள். கோபிப்பாள் என்று நினைத்தேன்.

"நீங்கள் அந்தத் தோலை வைப்பதற்கு முன்னால் அவர் விளையாடியது எனக்கு ஞாபகமே இல்லை, மதாம். நான் சின்னப் பிள்ளை. எனக்கிருப்பது அந்த இரண்டு குளிர்காலம்தான்." கையுறையை எடுத்துத் திருப்பிப் பார்த்தாள். "இந்த வெட்டைத் தைக்க வேண்டாம். இப்படியே வைக்கட்டும்."

பெருவிரலில் விட்டிருந்த இரண்டு தையலை மட்டும் போட்டுக் கொடுத்தேன். அவள் போன பிறகு மேசை லாச்சியை இழுத்துத் திறந்தேன். அன்று வெட்டாமல் விட்ட வலக்கைக் கையுறை, சோடியில்லாமல், இத்தனை வருடமாக நூற்கட்டைகளுக்கு அடியில் கிடக்கிறது. எடுத்துப் போட்டுக்கொண்டு மேசை விளிம்பைத் தடவினேன். நீங்கள் கண்டுபிடித்த கீறல் அங்கேயே இருந்தது.

அந்த மூன்றாம் நாள், நோவோடு, படியிறங்கி, அவ்வளவு தூரம் நீங்கள் ஏன் வந்தீர்கள் என்று நான் ஒருநாளும் யோசித்துப் பார்க்கவில்லை, அண்ணை. என்னை நோக்கி ஒன்று வந்துகொண்டிருந்தது. நீங்கள் மறித்துவிட்டீர்கள்.