‘கரண்ட்’ என்ற சொல்லுக்கு ஒரு வரி

மார்ச் 4
“என் தப்புதான்ப்பா” என்று இன்றும் சொல்லவில்லை.

வயரிங் வேலைக்குப் போகும் வீட்டில் அப்பா முதலில் மெயினை நிறுத்துவார். ஃபியூஸ் கட்டையைப் பிடுங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டுதான் ஏணியில் ஏறுவார். தெரியாமல் யாரும் திரும்பச் செருகிவிடக் கூடாதே. போன வாரம் பை கிழிந்திருந்தது. கட்டையை மெயின் பெட்டி மேல் வைத்தார். வேலை முடிந்ததென்று நினைத்து வீட்டுக்காரர் செருகிவிட்டார். ஏணியிலிருந்த அப்பாவுக்கு ஷாக் அடித்தது.

பையைத் தைத்துத் தரச் சொல்லி அப்போதே மூன்று நாளாகியிருந்தது. சரிப்பா, சரிப்பா என்றேன். கையில் புத்தகம்.

மார்ச் 6
நான் வேலை பார்க்கும் அகராதியில் எனக்கு ‘க’ வரிசை. இன்று வந்து நின்ற சொல், வேறு சொல்லே இல்லாதது போல, ‘கரண்ட்’. அட்டையில் ‘மின்சாரம்’ என்று பொருள் எழுதிக் கொடுத்தேன். அகராதி ஆசிரியர் அம்மா அட்டையைத் திருப்பித் தந்தார். “சனங்க எப்படிப் புழங்குறாங்க? அதைக் கொண்டா.”

வழியெல்லாம் கேட்டுக்கொண்டே வந்தேன். கரண்ட் போச்சு. கரண்ட் வந்திருச்சு. சொந்தக்காரர் யாரையோ பற்றிப் பேசுவது போல. பார்த்தவர் ஒருவருமில்லை, வரவையும் போக்கையும் மட்டும் தெருவே அறிவிக்கிறது. வீட்டுக்கு வந்து சுவிட்சைப் போட்டேன். விளக்கு எரிந்தது. பிறந்ததிலிருந்து பார்ப்பதுதான். இன்று வெகுநேரம் நின்று பார்த்தேன்.

மார்ச் 7
அப்பாவுக்குக் கட்டுப் பிரித்தார்கள். உள்ளங்கையில் மிளகளவு கறுப்பு. அவ்வளவு சிறிய வாசலா? அதன் வழியாகவா ஆளையே தூக்கி எறிந்தது?

மார்ச் 9
நாளை வேலைக்குப் போகிறாராம். அடுப்படியில் அம்மாவின் பாத்திரங்கள் பேசின.

கரண்ட்னா என்னப்பா என்று கேட்டேன். சிரித்தார்.

“முப்பது வருஷமா கூடவே இருக்கேன், மூஞ்சியப் பாத்ததில்ல. இல்லேன்னு தோணும்போதும் இருக்குன்னே வச்சுக்கணும். எனக்குத் தெரிஞ்சது அவ்வளவுதான்.”

“பயமா இல்லியா?”

“பயப்படுறவன்தான் கட்டையப் பையில போட்டுக்குவான்.”

“அந்தப் பை... நான்தான்ப்பா—”

“ஊசி நூல் எங்க இருக்குன்னு எனக்கும்தான் தெரியும். போம்மா, போய்ப் படு.”

படுக்கவில்லை. பையை நான்கு சுற்றுத் தைத்தேன்.

மார்ச் 10
அட்டையில் எழுதியது: கரண்ட் — மின்சாரம் (பேச்சு வழக்கு). வரும், போகும், இருக்கும் என்றே சொல்லப்படுவது. கண்டதாக எவரும் சொல்வதில்லை. ஆசிரியர் அம்மா கடைசி மூன்று சொற்களை அடித்தார். அடிக்கட்டும்.

மாலை ஆறரைக்கு அப்பா வந்தார். சட்டையைத் துவைக்க எடுத்தேன். தைத்த பைக்குள் ஃபியூஸ் கட்டையின் கரி படிந்திருந்தது.