அப்பா பிரெஞ்சு ராசாவான கதை

பலெர்மோ
ஞாயிற்றுக்கிழமை

அன்பு மகள் மொனிகாவுக்கு,

நீயும் உன் மனிசன் கீர்த்திகன் தம்பியும் மாதாவின் காவலில் நோய் நொடியில்லாமல் இருக்க வேணும் என்று இன்றைக்கும் பூசையில் கேட்டேன். இங்கே நாங்கள் மூன்று பேரும் சுகம். அப்பாவின் முழங்கால் மட்டும் அல்பெர்கேரியா வீட்டு நாலு மாடிப் படிகளோடு தினமும் சண்டை. நான் சொல்லச் சொல்ல உன் தங்கச்சி அனிற்றாதான் இதை எழுதுகிறாள், பள்ளிக்கூடத்தை விட்டாலும் அவளுடைய கையெழுத்து இன்னும் வடிவுதான். போனில் கதைத்தால் இந்தச் சின்ன வீடு முழுக்கக் கேட்கும், உன் கதை வந்தாலே அப்பா எழும்பி பல்கனிக்குப் போய்விடுவார். நீ எங்களுக்குச் சொல்லாமல் பாரிசில் கலியாணம் எழுதி இரண்டு வருசமாகியும் அவர் உன் பேரை வாயால் சொல்லவில்லை என்பது உனக்குத் தெரியும். அதனால்தான் விமலராஜ் அண்ணை அங்கே வரும்போது மிளகாய்த்தூளோடு இந்தக் கடிதத்தையும் கொடுத்து விடுகிறேன்.

இந்த முறை கோயில் திருநாளுக்கு நாட்டுக்கூத்து போடுகிறோம். மொண்டெல்லோவில் சாப்பாட்டுக் கடையில் கோப்பை கழுவுகிற அல்பேட் அண்ணைதான் கூத்துப் பழக்குகிற அண்ணாவியார். வருசா வருசம் புனிதர்களின் கதைகளையே ஆட்டி அலுத்துப்போச்சாம், பிரான்சு தேசத்துக் கதையைப் பாட்டாய்க் கட்டியிருக்கிறார். முதலில் ராசா, பிறகு சனங்கள் எழும்பி ராசாவின் தலையை எடுக்கிறது, பிறகு தலை எடுத்தவர்கள் ஒருவர் தலையை ஒருவர் எடுக்கிறது, எல்லாரும் களைத்த பிறகு நெப்போலியன் வந்து எம்பரதோர், அதுதான் சக்கரவர்த்தி, ஆகிறது. பாப்பரசரைக் கூப்பிட்டு முன்னால் இருத்திவிட்டு முடியைத் தன் கையாலேயே தன் தலையில் வைத்தானாமே அந்த மனிசன், அதைக் கேட்டு நான் சிலுவை போட்டுக்கொண்டேன். அப்பாவுக்கு எம்பரதோர் ஆகத்தான் ஆசை. அது பிறின்ஸ் என்கிற பெடியனுக்குப் போய்விட்டது, அப்பாவுக்குக் கிடைத்தது ராசா லூயி. பாதிக் கூத்தில் சாகிற வேலை எனக்கெதற்கு என்று நாலு நாள் கோபம். உன்னைப்போல வயிறு உள்ள ராசா பலெர்மோவில் வேறு ஆர் இருக்கினம் என்று அல்பேட் அண்ணை கேட்ட பிறகுதான் சம்மதித்தார். நான் வேலை செய்கிற வீட்டுச் சிஞ்ஞோரா தந்த பழைய வெல்வெட் திரைச்சீலைதான் அவருடைய சால்வை. தலை வெட்டுகிற மெசினை கபோ சந்தையில் மீன்காரன் எறிந்த பலகையில் செய்திருக்கிறார்கள், சாகிறதுக்குப் பயமில்லை, மீன் மணத்துக்குத்தான் பயம் என்கிறார் அப்பா.

நானும் ஆடுகிறேன், சிரிக்காதே. பசிக்குப் பாண் கேட்டு அரண்மனைக்குப் போன பாரிஸ் பெண்களுக்கு நான்தான் தலைவி. பூட்டிய வாசலைத் திறவும் அரசே, பிள்ளைகள் வெளியில் நிற்கின்றார் என்று நாங்கள் பாட வேணும், திறந்தோம் என்று ராசா பதில் பாட வேணும். எதிரில் நிற்கிறவர் பதில் பாட்டை எடுக்கும்வரை இந்தப் பக்கம் பாட்டை நிறுத்தக் கூடாது, கூத்தில் அதுதான் முறை. போன புதன்கிழமை கூத்துப் பழகும்போது நாங்கள் பாடினோம், அப்பா பதில் பாட்டை எடுக்கவில்லை. திரும்பப் பாடினோம், என் முகத்தைப் பார்க்கிறார், பிறகு நிலத்தைப் பார்க்கிறார். அல்பேட் அண்ணை மத்தளத்தை விடவில்லை, நாங்களும் விடவில்லை. உண்மையைச் சொன்னால் நாலாம் தரம்வரை நான் பாணைத்தான் கேட்டேன், பிறகு கேட்டது வெளியில் நிற்கிற உன்னை. மண்டபத்தில் எல்லாருக்கும் அது விளங்கியது. திரைக்குப் பின்னால் கொப்பியோடு நின்று அடி எடுத்துக் கொடுக்கிறது அனிற்றா, அவளுடைய குரல் அவளுக்கே கேட்காது. பதினோராம் தரம் திரையை விலக்கித் தலையை நீட்டி, அப்பா, திறக்கிறன் எண்டு சொல்லுங்கோ, எல்லாருக்கும் தொண்டை நோகுது என்று கத்தினாள். இதை எழுத மாட்டேன் என்கிறாள், எழுதத்தான் வேணும் என்று சொல்லிவிட்டேன். அப்பா முடியைக் கழற்றி, வெல்வெட்டால் முகத்தைத் துடைத்து, திறந்தோம் திறந்தோம் என்று தாளம் தப்பிப் பாடினார்.

நேற்று அல்பேட் அண்ணை வந்து சொல்கிறார், முன்வரிசையில் இரண்டு கதிரை பிடித்து வைக்கச் சொல்லி அப்பா கேட்டாராம். ஆருக்கு என்று கேட்டதுக்கு, பாரிசிலிருந்து மொனிகாவும் அவளின்ரை மனிசனும் வருவினம், அவையின்ரை ராசாவை அவையும் பாக்கத்தானே வேணும் என்றாராம். ஒன்றில்லை பிள்ளை, இரண்டு கதிரை.

கீர்த்திகன் தம்பியையும் கட்டாயம் கூட்டிக்கொண்டு வா, வந்த உடனே அப்பாவோடு வாதாடாதே. மாதா உங்கள் இரண்டு பேரையும் பத்திரமாய்க் கொண்டுவந்து சேர்க்கட்டும், என் முத்தங்கள். அடுத்த மாதம் இருபத்தெட்டாம் திகதி ஏழு மணிக்குத் திரை விலகும். வழக்கம்போலப் பிந்தி வந்தால் பிறின்சைத்தான் பார்ப்பாய், அப்பாவுக்கு எட்டரைக்குத் தலை போய்விடும்.

உன் அன்பு அம்மா
எமிலியானா