முட்டை டப்பாவுக்குத் தண்ணீர்

கும்மிடிப்பூண்டி,
ஞாயிறு மதியம்.

அன்பு மகள் ஏஞ்சலினுக்கு,

அம்மா எழுதுகிறேன். ஓசூரில் நீயும் அந்தப் பையனும் சுகமாக இருக்கக் கர்த்தரை வேண்டிக்கொள்கிறேன். நீ நம்பரை மாற்றிவிட்டாய். சுமலதாவிடம் கேட்டால், உன் சிநேகிதி ஆயிற்றே, வாயைத் திறப்பேனா என்கிறாள். கடிதம் கொடுத்தால் கொண்டுபோய்ச் சேர்க்கிறேன் என்றாள். உன் கல்யாணத்தைப் பற்றிப் பேச இதை எழுதவில்லை. பச்சோந்தி முட்டைகளைப் பற்றித்தான்.

பின்மனையில் ஜேசிபி மண் தள்ளிய அன்று ஓடிப்போய் அள்ளிவந்தாய். ஐஸ்கிரீம் டப்பாவில் தேங்காய் நார்த்தூள் போட்டு, ஒவ்வொன்றின் தலையிலும் பென்சில் புள்ளி வைத்து, புரட்டாமல் பதித்தாய். குஞ்சு வர மாதக்கணக்கில் ஆகும், வந்ததும் வேலிச் செடியில் விட்டுவிடலாம் என்றாய். நீ போவதற்கு முந்தின நாள் என் கையைப் பிடித்து நார்த்தூளைப் பிழியக் கற்றுக்கொடுத்தாய். உருண்டை பிடிக்க வேண்டும், விரலிடுக்கில் தண்ணீர் சொட்டக் கூடாது. காய்ந்தால் முட்டை ஒடுங்கும், ஈரம் மிஞ்சினால் பூஞ்சை பிடிக்கும். இவ்வளவு பொறுமையாக எதற்குச் சொல்லித்தருகிறாள் என்று எனக்கு அப்போது உறைக்கவில்லை.

நீ போன அன்றே உங்கப்பா, இந்த ஊட்ல அவ பேரை எடுத்தா நான் சோறு துன்ன மாட்டேன் என்றுவிட்டார். உன் துணிகளை மூட்டை கட்டிப் பரணில் எறிந்தார். உன் அலமாரியின் அடித்தட்டில் இருந்த டப்பாவை மட்டும் தொடவில்லை. கண்ணில் படவில்லை போலும் என்று நினைத்தேன். அவர் தேர்வாய் கண்டிகைக்குக் கம்பெனி பஸ் ஏறிய பிறகு நான் மூடியைத் திறந்து தெளித்துவந்தேன்.

போன வாரம் முட்டைகளில் பூஞ்சை தெரிந்தது. தண்ணீரைக் குறைத்தேன். பிறகு நிறுத்தியே விட்டேன். அப்படியும் பிழிந்தால் சொட்டியது. பேஜாராகிவிட்டது எனக்கு.

நேற்று விடியற்காலையில் எழுந்து வந்தால், யூனிஃபார்மோடு உன் அலமாரி முன்னால் குந்தியிருக்கிறார் மனுஷன். கையில் சட்டை அயர்ன் பண்ணத் தெளிக்கிற பாட்டில். என்னைப் பார்த்துத் தடுமாறிப்போய், முட்ட காஞ்சி பூட்டா, அவ வந்து கேக்கச்சொல்ல நான் இன்னா சொல்றது என்றார்.

நீ போனதிலிருந்தே தெளித்திருக்கிறார். ஒரே வீட்டில் இருந்துகொண்டு, ஒருவருக்கொருவர் தெரியாமல், இரண்டு பேரும் தண்ணீர் விட்டுவிட்டே அழுகவைத்துவிட்டோம் மகளே.

விஷயத்தைச் சொன்னதும் டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். பஸ் ஹாரன் அடித்துப் பார்த்துவிட்டுப் போய்விட்டது. கெட்டதையெல்லாம் பின்னால் கொண்டுபோய்ப் புதைத்துவிட்டு வந்து அழுதார், ஏஞ்சலின். நானும் அழுதேன்.

ஓரத்தில் இருந்த ஒன்று மட்டும் இன்னும் வெள்ளையாக இருக்கிறது. புது நார்த்தூளில், புள்ளி மேலே பார்க்க வைத்திருக்கிறேன். அவர் கிட்டவே வருவதில்லை. வாசற்படியில் நின்றபடியே, ஈரம் சரியாகீதா பாரு, பாரு என்கிறார். பிழிந்து பிழிந்து பார்க்கிறேன். என் கை மேல் எனக்கே நம்பிக்கை இல்லை.

அப்பா வரச் சொன்னார் என்று எழுத ஆசைதான். அவர் சொல்லவில்லை. ஆனால் இன்று ஆராதனைக்குப் போகுமுன் உன் துணி மூட்டையைப் பரணிலிருந்து இறக்கி, ஒவ்வொன்றாக உதறி, கொடியில் வெயிலுக்குப் போட்டார்.

கர்த்தர் உன்னையும் மாப்பிள்ளையையும் காக்கட்டும். இரண்டு பேருமாக ஒரு நடை வந்து, அந்த ஈரம் சரிதானா என்று உன் கையால் பார்த்துச் சொல்லிவிட்டுப் போங்கள்.

உன் அம்மா,
கிரேஸ்