ஃபிரிட்ஜுக்குக் கை அசைக்கும் அப்பா

இதனால் சகலருக்கும் அறிவிக்கப்படுவது யாதெனில், நேற்று மாலை நான்கு மணி பத்து நிமிடத்துக்கு, நம் தந்தையார் ரெய்னோ லாத்தெலா அவர்கள் தம் சமையலறையில் நின்று ஃபிரிட்ஜைப் பார்த்து மூன்று முறை கை அசைத்தார். ஃபிரிட்ஜ் பதிலுக்கு அசைக்கவில்லை.

அன்பு மகள் கைசாவுக்கு, அம்மா சொல்லச் சொல்ல உன் தம்பி எய்னோ எழுதுவது. மேலே இருப்பது அம்மா சொன்னதல்ல, என் சொந்தச் சரக்கு. அம்மா பனியில் வழுக்கி விழுந்து வலது மணிக்கட்டில் மாவுக்கட்டோடு இருப்பதால் எழுத்து வேலை என் தலையில். லெம்பி அத்தையின் குறட்டை உட்பட இங்கே எல்லாம் சுகமாம், அரிசோனாவில் நீயும் மாப்பிள்ளையும் குட்டி சைமாவும் வெயிலில் கருவாடாகாமல் இருக்கிறீர்களா என்று கேட்கிறாள். போனில் பேசினால் நீ இடையில் அழுதுவிடுவாய், காகிதத்தில் என்றால் கடைசி வரை கேட்டுத்தான் ஆக வேண்டும், அதனால்தான் கடிதமாம்.

அப்பா வழக்கில் பாதியை அம்மா உன்னிடம் மறைத்துவிட்டாள், இப்போது முழுதும் சொல்கிறாள். மார்ச் மாதம் அப்பா வழக்கம்போல் தோட்டத்துச் சவுனாக் குடிசையில் நீராவியில் வேர்க்க வேர்க்க உட்கார்ந்துவிட்டு, பிறந்த மேனியாய் வெளியே வந்து பனியில் உருண்டார். திரும்பிப் போனால் சவுனாக் கதவு திறக்கவில்லை. வீட்டின் பின்கதவும் பூட்டு. முன்கதவுக்குச் சாலைப் பக்கம் ஓடினார். அதே நேரத்தில் சூதாட்ட விடுதிக்குச் சுற்றுலா போன தேவாலயப் பெண்மணிகளின் பேருந்து வந்தது. முப்பத்தெட்டுப் பேர், எல்லோரும் எழுபதைத் தாண்டியவர்கள், ஜன்னல் இருக்கைக்கு அன்றுபோல் அடிதடி நடந்ததில்லையாம். புகார் கொடுத்தது ஓட்டுநர் மட்டும்தான். வழக்குத் தேதி எப்போது விழுந்தது தெரியுமா, நவம்பர் பதினைந்து. மான் வேட்டை தொடங்கும் நாள். அப்பா வேட்டைச் சட்டையோடு கோர்ட்டுக்குப் போய், விடிஞ்சதிலேருந்து மான் காத்திருக்குது, எங்கே கையெழுத்துப் போடணும் சொல்லுங்க என்று கேட்டு, ஒரு வரி படிக்காமல் குற்றத்தை ஒப்புக்கொண்டு காட்டுக்குப் போய்விட்டார். மானும் கிடைக்கவில்லை.

கையெழுத்துப் போட்டது பாலியல் குற்றவாளிகளுக்கான கண்காணிப்புத் தாளில். இரண்டு வருடம், இருபத்திரண்டு நிபந்தனை. பதினோராவது, சொந்தக் குளியலறை தவிர வேறெங்கும் ஆடை களையக் கூடாது. ஆகவே அப்பா இப்போது சவுனாவுக்குள் வேட்டைக் கோட்டும் பூட்சுமாகப் போகிறார், வேகவைத்த உருளைக்கிழங்கு மாதிரி வெளியே வருகிறார். பதினான்காவது, வீட்டில் பொம்மை கூடாது. நன்னடத்தை அதிகாரி போசி வந்து, வாத்து வேட்டைக்கு ஏரியில் மிதக்கவிடும் மர வாத்து நாற்பதையும் பொம்மை என்று எழுதிக்கொண்டு பெட்டியில் வைத்து முத்திரை போட்டார். ஏழாவதுதான் அம்மாவின் தொண்டையில் நிற்கிறது. பதினெட்டு வயதுக்குக் குறைந்தவர் யாரோடும் பேச்சோ சைகையோ கூடாது, சொந்தப் பிள்ளையானாலும். எனக்குப் பதினேழு. அதனால் நான் எதிர்வீட்டில் லெம்பி அத்தையிடம் குடியேறிவிட்டேன். தினமும் மாலை ஜன்னலருகே நிற்பேன், அப்பா அவர் ஜன்னலுக்கு முதுகு காட்டி நின்று ஃபிரிட்ஜுக்குக் கை அசைப்பார். அது எனக்கல்ல என்று சட்டப்படி நிரூபிக்கலாம்.

கிறிஸ்துமஸுக்கு நீ சைமாவைக் கூட்டி வருகிறாய். அவளுக்கு நான்கு மாதம், ஏழாவது நிபந்தனைப்படி அவளும் ஆபத்தில் உள்ள நபர். அப்பா அவளுக்கென்று வாங்கிய ஆரஞ்சு வேட்டைத் தொப்பியைத் தலையணைக்கடியில் வைத்திருக்கிறார். அதனால்தான் நிபந்தனையை மாற்றச் சொல்லி வக்கீல் பெல்கியை வைத்து மனுப் போட்டோம். அதில் 'தாத்தாவின் மடி பொது இடம் அல்ல' என்ற வரி என்னுடையது. இந்தக் குடும்பத்தில் சட்டமூளை யாருக்கு என்று இனி கேட்காதே.

வியாழக்கிழமை விசாரணை. நீதிபதி ஒரு பெண்மணி, தெற்கிலிருந்து புதிதாக வந்தவர். சூடா குளிச்சவரு எதுக்குப் பனியில உருளணும் என்று கேட்டார். உருளாம விட்டா அது குளியலே இல்லீங்கம்மா என்றார் அப்பா. கோர்ட் சேவகர் தலையாட்டினார், குமாஸ்தா தலையாட்டினார், அரசு வக்கீல்கூட போன சனிக்கிழமை நானும் உருண்டேன் என்று முணுமுணுத்தார். அந்த அறையில் உருளாத ஒரே ஆள் தான்தான் என்று நீதிபதிக்குப் புரிந்துவிட்டது. சரி, கதவு ஏன் திறக்கலை, அதைச் சொல்லுங்க, வேணும்னே ரோட்டுக்குப் போனீங்களா, மாட்டிக்கிட்டுப் போனீங்களா, எனக்கு அதுதான் முக்கியம் என்றார். ஐஸ் பிடிச்சுக்கிச்சு என்றார் அப்பா. அன்னிக்குக் கூரைப் பனியெல்லாம் உருகிச் சொட்டிச்சே என்றார் அரசு வக்கீல். கதவு விஷயம் தெரிஞ்ச சாட்சி யாராவது இருந்தா பத்தொன்பதாம் தேதிக்குள்ள கூட்டி வாங்க, இல்லன்னா மனு தள்ளுபடி என்று நீதிபதி எழுந்துவிட்டார். யாரும் இல்லீங்க என்று அப்பா சொன்னது அவர் காதில் விழுந்ததோ என்னவோ. அவர் எதையோ மறைக்கிறார், அன்று குடித்திருப்பாரோ என்று அம்மா மூன்று நாளாகக் குடைகிறாள்.

எப்படியானாலும் டிக்கெட்டை ரத்து செய்யாதே என்கிறாள். மனு தள்ளுபடியானால் நீங்கள் அத்தை வீட்டில் தங்கலாம், குழந்தையை ஜன்னலில் தூக்கிக் காட்டினால் போதும், ஃபிரிட்ஜ் பார்த்துக்கொள்ளும். சைமாவுக்குக் கம்பளிக் காலுறை மூன்று ஜோடி மறக்காதே. காதை மூடாமல் விமானத்தை விட்டு இறங்காதே. நீங்கள் மூவரும் நோய்நொடியில்லாமல், ஒரே கூரையின் கீழ் எப்போதும் சிரித்துக்கொண்டிருக்க வேண்டும் என்று ஆசீர்வதிக்கும்,

உன் அம்மா,
ரூத் லாத்தெலா
(இடது கையால் போட்ட கிறுக்கல் அவளுடையது)

அக்கா, அம்மா அத்தையின் அடுப்பிலிருந்து ஏலக்காய் ரொட்டி எடுக்கப் போயிருக்கிறாள், சீக்கிரம் எழுதுகிறேன். சவுனாக் கதவுக்கு உள்பக்கம் மட்டும்தான் கொக்கி, நினைவிருக்கிறதா. அன்று அப்பா உருளும்போது சவுனாவின் உடைமாற்றும் அறைக்குள் புகுந்து அதைப் போட்டவன் நான். அதற்கு முன்பே வீட்டின் பின்கதவைப் பூட்டியவனும் நானே. விளையாட்டுக்குத்தான், நூறு எண்ணிவிட்டுத் திறக்கலாம் என்று இருந்தேன். அறுபத்து மூன்றில் பேருந்துச் சத்தம் கேட்டது. கொக்கி தானாக விழாது என்று அப்பாவுக்கு அன்றைக்கே தெரியும். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. சட்டமூளை எழுதிய மனுவுக்கு வேலை வைத்ததே சட்டமூளைதான். திங்கட்கிழமை வக்கீல் பெல்கியிடம் போகிறேன். அதற்கு முன் அம்மாவிடம் சொல்ல வேண்டும், அவள் ரொட்டித் தட்டோடு வந்துகொண்டிருக்கிறாள்.

எய்னோ