தரம் பிரிக்கப்பட்ட சான்றிதழ்

அன்புள்ள பெரியவளுக்கு, அம்மா எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம், உன் அப்பா மட்டும் நேற்று மத்தியானத்திலிருந்துதான் சுகம். நீயும் வேளாவேளைக்குச் சாப்பிட்டுத் தெம்பாக இருப்பாய் என்று நம்புகிறேன். எனக்குக் கட்டைவிரலில் கட்டு, அதனால் நான் சொல்லச் சொல்ல உன் தங்கை எழுதுகிறாள். நடுவில் தன் சரக்கையும் கலப்பாள், பிரித்துப் படித்துக்கொள்.

வேலையில் சேர அசல் சான்றிதழ் கேட்டிருந்தாயே, அதை எடுத்து மேசைமேல் வைத்தேன். வைத்தது என் தப்பு. ஈரக் குப்பைக்கு ஒரு பை, காகிதத்துக்கு ஒன்று, பிளாஸ்டிக்குக்கு ஒன்று, எல்லாவற்றிலும் வீட்டு எண் ஒட்ட வேண்டும், கலந்திருந்தால் வண்டியில் ஏற்றமாட்டோம் என்று நகராட்சி சொன்னதிலிருந்து உன் அப்பாவைக் கையில் பிடிக்க முடியவில்லை. நேற்றுக் காலை கண்ணாடி போடாமல் மேசையைச் சுத்தம் செய்தவர், உறையை உருவிப் பிளாஸ்டிக் பையிலும் உள்ளே இருந்ததைக் காகிதப் பையிலும் போட்டுவிட்டார். நாலு வருடப் படிப்பை முறைப்படி தரம் பிரித்தாயிற்று! (என்னை எந்தப் பையில் போடுவது என்று தெரியாததால் தப்பித்தேன். இது தங்கை.)

வண்டி போன பிறகுதான் தேடினோம். வேறு பிரதி வாங்க ஆறு மாதமாகும், உனக்கோ இந்த மாதக் கடைசிதான் கெடு. அடித்துப் பிடித்துக் குப்பை பிரிக்கும் கூடத்துக்கு ஓடினோம். அங்கே நகரத்துக் காகிதமெல்லாம் பெல்ட்டில் வந்து, அமுக்கிக் கட்டும் இயந்திரத்துக்குள் விழுந்துகொண்டிருந்தது. பிரித்துக்கொண்டிருந்த அம்மாளிடம் அப்பா வீட்டு எண்ணைச் சொன்னதும், "அட, அந்த நம்பர் நீங்கதானா? மத்த பையெல்லாம் டீத்தூளா கொட்டுது, நீங்க மட்டும் இஸ்திரி போட்ட மாதிரி அடுக்கி அனுப்புறீங்களே! உங்க பையில பிரிக்க என்னங்க இருக்கு, கடைசியில பார்த்துக்கலாம்னு ஓரமா வச்சிருக்கேன்" என்றார். மேலாகவே இருந்தது, மடங்கக்கூட இல்லை. அவர் கை கழுவிவிட்டு அதை எடுக்க, பெல்ட்டை நிறுத்தி எல்லாரும் உன் மதிப்பெண்ணைப் பார்த்தார்கள். அப்பா பொலபொலவென்று அழுதுவிட்டார். அந்த அம்மாள் காகிதத்தை வெடுக்கென்று இழுத்துக்கொண்டு, "ஐயா, தள்ளி நின்னு அழுங்க, நனைஞ்சா இதை ஈரக் குப்பையில சேர்த்துடுவேன்" என்றார். கூடமே சிரித்தது.

இதோடு சான்றிதழ் வருகிறது. கவரை நானே ஒட்டினேன், அப்பாவை அண்டவிடவில்லை. எடுத்த காரியமெல்லாம் கைகூடி நன்றாக இரு. கையில் கிடைத்ததும் முதலில் அப்பாவுக்குப் போன் செய், திட்டாதே, வாசலிலேயே நிற்கிறார்.

என்றும் உன் நினைவாக,
அம்மா
(கைவண்ணம்: தங்கை)